‘அனிச்சை தெரியவில்லை’ என்றால் பிறவிக் கோளாறா?

கேள்வி: 7 வயது மகனுக்குக் கைக்குழந்தையிலிருந்தே மலச்சிக்கல். எக்ஸ்ரேயில் பெருங்குடல் வீங்கியிருப்பதைப் பார்த்து, பலதுறை மருந்தகத்திலிருந்து மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். அங்கே பலூன் வைத்து அழுத்தம் பார்த்ததில் அனிச்சை தெரியவில்லையாம். அடுத்து பயாப்சி (குடல் சுவரிலிருந்து சிறு திசு எடுத்துப் பார்ப்பது) என்கிறார்கள். பிறவிக் கோளாறுதானா?
– வாசகி, ஈசூன்

பதில்: இதை மட்டும் வைத்து அப்படி முடிவுகட்ட முடியாது. மலக்குடல் விரிந்தால் ஆசனவாயின் உள்சுருக்குத்தசை தானாகத் தளர வேண்டும்; இதைத்தான் அனிச்சை என்கிறார்கள். குடல் சுவரிலுள்ள நரம்பணுக்களின் வேலை அது. ஹிர்ஷ்ஸ்ப்ரங் நோயில் குடலின் கடைசிப் பகுதியில் அவை பிறவியிலேயே இருக்காது. தசை தளராது, மேலே மலம் தேங்கிக் குடல் வீங்கும்.

பரிசோதனையில் இடப்பக்கம் படுக்கவைத்து, நுனியில் பலூனும் அதற்குக் கீழே அழுத்த உணரிகளும் உள்ள மெல்லிய குழாயைச் செலுத்துவார்கள். 10, 20, 30 மில்லி என்று காற்றை ஏற்றும்போது திரையில் அழுத்தக் கோடு இறங்கி, சில விநாடிகளில் பழைய நிலைக்கு ஏறினால் அனிச்சை இருக்கிறது.

சிக்கலே இங்குதான். வருடக்கணக்கில் மலம் அடைத்து விரிந்த குடலில் 30 மில்லி பலூன், அண்டாவுக்குள் போட்ட எலுமிச்சம்பழம். சுவர் விரியவே விரியாது. இப்படிப்பட்டவர்களுக்கு 100 மில்லிக்கு மேலும் ஏற்ற வேண்டிவரலாம். மலத்தை வெளியேற்றாமல் செய்தாலும் இதே கதிதான். பையன் அழுது இறுக்கினால் வெளித்தசையின் அழுத்தம் ஏறி உள்தசையின் தளர்ச்சியை மறைத்துவிடும். தலைகீழாகவும் ஏமாறலாம்: குழாய் கொஞ்சம் நழுவினாலே கோடு இறங்கும், அனிச்சை போலவே தெரியும்.

எத்தனை மில்லிவரை ஏற்றினார்கள், எனிமா கொடுத்த பிறகுதானா, அழுதானா என்று மருத்துவரிடம் கேளுங்கள். பிறந்து 48 மணி நேரத்துக்குள் முதல் மலம் போனானா என்பதையும், உள்ளாடையில் மலக்கறை படுகிறதா என்பதையும் சொல்லுங்கள். முதல் மலம் தாமதமாகியிருந்தால் சந்தேகம் கூடும். கறை படிவது பெரும்பாலும் மலத்தை அடக்கிவைக்கும் பழக்கத்தைக் காட்டும்.

அனிச்சை தெளிவாகத் தெரிந்தால் ஹிர்ஷ்ஸ்ப்ரங் ஏறக்குறைய இல்லை எனலாம். தெரியாவிட்டால் பயாப்சியைத் தள்ளிப்போடாதீர்கள். நரம்பணு இருக்கிறதா என்று உறுதியாகச் சொல்வது அதுதான். இந்த வயதில் பெரும்பாலும் மயக்க மருந்து கொடுத்தே எடுப்பார்கள்.

கேள்வி: முதுகுத்தண்டு அடிபட்டவருக்கு இந்த அனிச்சை போய்விடுமா?
– வாசகர், தோ பாயோ

பதில்: போகாது. அது குடல் சுவருக்குள்ளேயே முடிகிற காரியம். காயம் எங்கே, எவ்வளவு என்பதைப் பொறுத்து, மலம் வந்துவிட்டதை உணர்வதும் நினைத்தபோது இறுக்கிப்பிடிப்பதும்தான் பாதிக்கப்படும்.