மோதிரத்தைத் தரமாட்டேன் என்ற தங்கை

கேள்வி: ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டில் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்ற, பகடை உருட்டிக் கதை வளர்க்கும் ஆட்டத்தை ஆடுகிறோம். நான் டன்ஜன் மாஸ்டர், அதாவது கதையை நடத்துபவன்; கதையில் வரும் மற்றவர்கள் எல்லாரும் என் கதாபாத்திரங்கள். என் தங்கையும் சித்தி பிள்ளைகள் இருவரும் ஆளுக்கொரு கதாபாத்திரமாக ஆடுபவர்கள். கதையில் ஒரு வணிகன் தங்கையின் கதாபாத்திரத்திடம் மோதிரத்தைக் கேட்டான். அவன் பேசி இணங்கவைக்கிறானா என்று பார்க்க, அவனுக்காகப் பெர்சுவேஷன் பகடை உருட்டினேன்; இருபது முகப் பகடை. 19 விழுந்தது; அவன் திறமைக்கு 5 கூட்டினால் 24. "கொடுத்துவிட்டாய்" என்றேன். "தரமாட்டாள்" என்று சாதித்தாள். வீட்டில் எதற்கும் மறுத்துப் பேசாதவள், தன் கதாபாத்திரத்தின் விவரம் எழுதிய தாளை மடித்து வைத்துவிட்டு எழுந்து போய்விட்டாள். மூன்று வாரமாக ஆட வரவில்லை. அவர்கள் என் கதாபாத்திரங்கள்மீது பகடை உருட்டலாம், நான் உருட்டக்கூடாதா? - வாசகர், கோவை

பதில்: கூடாது. என் பேரனும் இதை ஆடுகிறான். அவனிடமிருந்து விதிப்புத்தகங்களை வாங்கிப் படித்தேன். 2003-இல் வந்த 3.5 பதிப்பின் டன்ஜன் மாஸ்டர் கையேடு, தன் கதாபாத்திரம் என்ன முடிவெடுக்கும் என்பதை எப்போதும் ஆடுபவரே தீர்மானிப்பார் என்கிறது. 2014-இன் ஐந்தாம் பதிப்பில் 'சார்ம் பெர்சன்' என்ற வசிய மந்திரத்துக்குக்கூட எல்லை உண்டு. வசியத்துக்கு ஆளாகிறவர் எதிர்த்துப் பகடை உருட்டலாம். சிக்கினாலும் ஒரு மணி நேரம்தான். தெளிந்ததும் தன்னை மயக்கியது யார் என்று தெரிந்துவிடும். மந்திரமே தெரியாத உங்கள் வணிகனுக்கு அதைவிடப் பெரிய அதிகாரத்தைக் கொடுத்திருக்கிறீர்கள்.

உங்களிடம் ஊர் முழுக்க வணிகர்கள், அரசர்கள், காவலர்கள். ஒருவன் ஏமாந்தால் இன்னொருவனை எடுத்துக்கொள்வீர்கள். அவளிடம் இருப்பது ஒருத்திதான். அவள் மனத்தையும் நீங்களே சொல்லிவிட்டால் தங்கை எதற்கு அங்கே உட்கார வேண்டும்?

விதி இவ்வளவுதான். "வீட்டில் எதற்கும் மறுத்துப் பேசாதவள்" என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன். அதை அவளுடைய நற்குணம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். சொத்து, படிப்பு, கல்யாணம் என்று வேறு வேறு பேச்சுக்கு நடுவே இதே வரி எனக்கு எத்தனையோ கடிதங்களில் வந்திருக்கிறது. மறுத்துப் பேசாத பெண் என்று யாரும் பிறப்பதில்லை, தம்பி. மறுத்தபோதெல்லாம் யாரும் காது கொடுக்காததால் பேச்சை நிறுத்திக்கொண்டவள் அவள். ஆட்டத்தில் தனக்கென்று ஓர் உயிர் கிடைத்ததும், அதன் வாயால் ஒரு முறை "தரமாட்டேன்" என்று சொல்லிப் பார்த்தாள். மூத்தவர் நீங்கள் எண்ணைக் காட்டி அதையும் அடக்கினீர்கள். தங்கையின் மறுப்பை முதலில் கேட்க வேண்டியது அண்ணன்தான். சீர் செய்வதெல்லாம் அதற்குப் பிறகு.

பகடையை ஒதுக்கி வைத்துவிட்டு அவளிடம் போங்கள். மோதிரம் அவளுடையதுதான், நான் செய்தது தவறு என்று சொல்லுங்கள். சித்தி பிள்ளைகள் எதிரில் நடந்ததை அவர்கள் எதிரிலேயே சரிசெய்யுங்கள். இனி 24 விழுந்தால், வணிகனின் பேச்சு நெஞ்சை உருக்கும்படி இருந்தது என்று சொல்லிவிட்டு, "நீ என்ன செய்கிறாய்?" என்று கேட்டுக் காத்திருங்கள். அவன்மேல் சந்தேகம் வந்தால் அவன் உள்நோக்கத்தை அறியும் இன்சைட் பகடை உருட்ட அவளுக்கும் உரிமை உண்டு.

அந்த மோதிரம் அவள் கதாபாத்திரத்துக்கு யார் கொடுத்தது என்று கடிதத்தில் எங்குமே இல்லை. அவளிடம் கேட்டீர்களா?