தாத்தா பெயரில் பட்டா: காரைக்குடி வீட்டைக் கணவர் மட்டும் விற்கலாமா?

பட்டா கணவருடைய தாத்தா பெயரில் இருக்கும் வீட்டை, மகளுக்குப் பள்ளி திறப்பதற்குள் கணவர் மட்டும் விற்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். முழு வீட்டையும் அவர் மட்டும் விற்க முடியாது. மாமனாரும் இல்லை, பாகப்பத்திரமோ உயிலோ கிடையாது என்றால் உங்கள் கணவர் தன் பங்கை மட்டும்தான் எழுதிக் கொடுக்கலாம். மொத்த வீட்டுக்கு அவருடைய அத்தைமார் உட்பட வாரிசுகள் எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும்.

‘எங்கள் பாகத்தை அப்போதே பிரித்துத் தந்துவிட்டார்கள்’ என்கிறீர்களே, அது வளவில் (செட்டிநாட்டு வீட்டின் உள்முற்றப் பகுதி) புள்ளிக்கு, அதாவது மணமான ஒவ்வொரு குடும்பத்துக்கும், ஓர் அறை ஒதுக்கிய பழைய ஏற்பாடாகத்தான் இருக்கும். புழங்குவதற்குச் சரி, பத்திரப் பதிவுக்கு உதவாது.

முன்பணம் வாங்கும் முன் வில்லங்கச் சான்று (சொத்தின் மேல் பதிவான பத்திரங்களின் பட்டியல்) போட்டுப் பாருங்கள். இணையத்தில் பெரும்பாலும் 1975-க்குப் பிந்தைய பதிவுகள்தான் வரும். பழையதற்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனு கொடுங்கள். மறந்துபோன பாகப்பத்திரம் ஏதாவது இருந்தால் அங்கேதான் மாட்டும்.

அப்புறம், இறந்துபோன பங்காளி யாருக்காவது மைனர் பிள்ளை இருந்தால் நீதிமன்ற அனுமதி கேட்க வேண்டியிருக்கும். மகளுக்குப் பள்ளி திறக்கும் தேதியை வைத்து வாங்குபவருக்கு நாள் குறித்துவிடாதீர்கள்.