புது ஓ.எஸ். டேப்லெட்: வாங்கலாமா, வேண்டாமா?

கே: ஆண்ட்ராய்டும் இல்லை, ஆப்பிளும் இல்லை, முற்றிலும் புதிய ஓ.எஸ். ஒன்று டேப்லெட் சந்தையில் நிற்குமா?
– வாசகர், மன்னார்குடி

ப: ஓ.எஸ்., அதாவது கருவியை இயக்கும் அடிப்படை மென்பொருள், நன்றாக இருந்தால் மட்டும் போதாது என்பதற்கு எச்.பி. டச்பேட் சாட்சி. அதிலிருந்த வெப்ஓ.எஸ்.ஸில் திறந்திருக்கும் செயலிகளைச் சீட்டுக்கட்டுபோல் தள்ளிப் பார்க்கலாம். பின்னாளில் ஆண்ட்ராய்டிலும் ஐபேடிலும் அந்த வசதி வந்துவிட்டது. டச்பேட் 2011 ஜூலை 1இல் 499 டாலருக்குக் கடைக்கு வந்தது. ஏழே வாரத்தில் கைவிட்டு, மிச்சத்தை 99 டாலருக்குத் தள்ளிவிட்டார்கள். அதே ஆண்டு வந்த பிளாக்பெர்ரி பிளேபுக்கில் மின்னஞ்சலுக்கென்று தனிச் செயலியே இல்லை. மின்னஞ்சலால் பேர் வாங்கிய கம்பெனி! அது சேர 2012 பிப்ரவரி ஆயிற்று. 2012 அக்டோபரில் வந்த சர்ஃபேஸ் ஆர்.டி. பார்வைக்கு விண்டோஸ்தான். ஆனால் உள்ளே போன்களில் இருப்பதுபோன்ற ஏ.ஆர்.எம். சிப் என்பதால் பழைய விண்டோஸ் மென்பொருளை அதில் ஏற்ற முடியாது. கணக்கு எழுத டேலி போடலாம் என்று வாங்கியவர் ஏமாந்திருப்பார். மறு ஆண்டே மைக்ரோசாஃப்ட் 90 கோடி டாலரை நஷ்டக் கணக்கில் எழுதியது.

சிக்கல் ஒன்றே. ஆள் இல்லாத ஊரில் எவரும் கடை போடமாட்டார். கடை இல்லாத ஊருக்கு ஆள் குடிவரமாட்டார். சில ஆயிரம் பேர் வைத்திருக்கும் டேப்லெட்டுக்காக வங்கிச் செயலியையோ உழவன் செயலியையோ யார் தனியாக எழுதித் தருவார்கள்?

ஹுவாவேயின் ஹார்மனி ஓ.எஸ். சீனாவில் பிழைத்திருக்கிறதே என்பீர்கள். அங்கே கூகுள் பிளே ஸ்டோர் முன்பே கிடையாது. ஆகவே அது இல்லாத குறையும் தெரியவில்லை. 2024இல் ஆண்ட்ராய்டு செயலிகளையே விலக்கிய பதிப்பை வெளியிடும் துணிச்சலும் அதனால்தான் வந்தது. நம் ஊரிலோ செயலி என்றாலே பிளே ஸ்டோர்தான். எல்லா வேலைக்குமான டேப்லெட்டாகப் புது ஓ.எஸ். இங்கே எடுபடாது என்பதே என் கணிப்பு. ஒரே வேலைக்கான கருவி என்றால் கதை வேறு. டேப்லெட்டில் தோற்ற அதே வெப்ஓ.எஸ். இன்று எல்.ஜி. டிவிகளில் ஓடுகிறது.

கே: உரக்கடையில் பில் போட ஒரு டேப்லெட் வேண்டும். 'சொந்த ஓ.எஸ்.' என்று ஒன்றை மலிவாகத் தருகிறார்கள். எதைப் பார்த்து வாங்குவது?
– வாசகர், கும்பகோணம்

ப: பெரும்பாலும் அது ஆண்ட்ராய்டுக்கு வேறு சட்டை மாட்டியதாகவே இருக்கும். பிளே ஸ்டோர் இருந்தால் அதன் செட்டிங்ஸில் 'அபௌட்' பகுதிக்குப் போங்கள். கருவி சான்றளிக்கப்பட்டது என்று அங்கே காட்ட வேண்டும். இல்லையென்றால் வங்கிச் செயலிகள் முரண்டு பிடிக்கும். யூ.பி.ஐ. பதிவுக்கு, வங்கியில் கொடுத்த எண்ணுள்ள சிம்மிலிருந்து எஸ்.எம்.எஸ். போக வேண்டும், வைஃபை மட்டும் உள்ள டேப்லெட்டில் அந்தப் படியிலேயே நின்றுவிடும். கடைக்குக் கியூஆர் அட்டை போதும், பணம் வந்ததைப் போனில் பார்த்துக்கொள்ளலாம் என்றால் இந்தச் சிம் கவலையை விட்டுவிடலாம்.

பலரும் கோட்டைவிடுவது பிரின்டரில். 58 மி.மீ. அகலத் தாள் போடும் புளூடூத் தெர்மல் பிரின்டரை டேப்லெட் விற்கும் கடைக்கே எடுத்துப்போய் இணையுங்கள் (இணைப்பு எண் பெரும்பாலும் 0000 அல்லது 1234). 'யூரியா 45 கிலோ' என்று தமிழில் ஒரு பில் அடித்துப் பாருங்கள். மலிவு பிரின்டர்கள் பலவற்றில் தமிழ் எழுத்துரு இருக்காது. கேள்விக்குறியும் கட்டமுமாக வரும். பில்லைப் படமாக மாற்றி அனுப்பும் செயலி இருந்தால் சரியாக விழும். அந்தச் செயலி உங்கள் 'சொந்த ஓ.எஸ்.'ஸில் ஏறாவிட்டால், விலை பாதியானாலும் வேண்டாம்.

கே: பழைய டேப்லெட்டில் லினேஜ் ஓ.எஸ். ஏற்றலாமா?
– வாசகர், மயிலாடுதுறை

ப: லினேஜ் என்பது ஆண்ட்ராய்டை வைத்துத் தன்னார்வலர்கள் உருவாக்கும் இலவச ஓ.எஸ். ஏற்றலாம், அதன் பட்டியலில் உங்கள் மாடல் எண் எழுத்துக்கு எழுத்து அப்படியே இருந்தால் மட்டும். வேறு ஓ.எஸ். ஏற்ற, கருவியைத் தொடக்கிவைக்கும் பூட்லோடரின் பூட்டைத் திறக்க வேண்டும். அதைத் திறந்தாலே உள்ளே இருப்பதெல்லாம் அழியும். படங்களை முதலில் எடுத்துவிடுங்கள். பேட்டரி உப்பியிருந்தால் தொடவே வேண்டாம்.