வாசகர் கேள்வி: கடைக் கறியும் டயட்டும்

கேள்வி: டாக்டர் எடையைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார். வீட்டில் கவனமாகத்தான் சாப்பிடுகிறேன். வெள்ளிக்கிழமை மதியம் ஆபீஸ்காரர்களோடு இந்தியன் ரெஸ்டாரன்ட்டுக்குப் போனால் எல்லாம் கெட்டுவிடுகிறது. போகாமலே இருந்துவிடலாமா?
- ஒரு வாசகி, சாட்ஸ்வொர்த், டர்பன்

பதில்: தாராளமாகப் போங்கள் அம்மா. நான் இதே டர்பனில் பல வருஷம் ஒரு கடைச் சமையலறையில் கறி கிண்டியவள். அந்த அனுபவத்தில் சொல்கிறேன், முதலில் எண்ணெயைக் கவனியுங்கள். நம் ஊர்க் கறியில் மசாலா வதங்கி எண்ணெய் பிரிந்து மேலே வந்தால்தான் பதம். அந்தச் சிவப்பு எண்ணெய் ஒரு மேசைக்கரண்டிக்கே சுமார் 120 கலோரி. பெரிய சட்டியில் அது மேலாக மிதக்கும். கரண்டியை மேலோட்டமாக விட்டால் உங்கள் தட்டுக்கு அதுதான் வரும். "எண்ணெயை ஒதுக்கிவிட்டு அடியிலிருந்து அள்ளிப் போடுங்கள்" என்று ஆர்டர் கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள். இப்படிக் கேட்டவர்கள் மேல் நாங்கள் ஒருநாளும் முகம் சுளித்ததில்லை.

அடுத்தது பன்னி சோ, அதாவது பிரெட்டைக் குடைந்து உள்ளே கறியை நிரப்பித் தருவது. 700 கிராம் பிரெட்டில் கால் பங்கு என்றால் 175 கிராம். உள்ளே கறி போடும் முன்பே 400 கலோரிக்கு மேல் ஆகிவிட்டது. போதாததற்கு, கறியின் எண்ணெயையெல்லாம் பிரெட் குடித்துவிடும். ஊறிய அந்த அடிப்பாகம்தான் ருசி, தெரியும். எனக்கும் பிடித்தது அதுதான். மாதம் ஒருநாள் யாரோடாவது பங்கு போட்டுச் சாப்பிடுங்கள். மற்ற வாரங்களில் அதற்குள் போடுகிற சுகர் பீன்ஸ் (ஒருவகைக் காய்ந்த பீன்ஸ்) கறியை மட்டும் தட்டில் வாங்கி, வெண்ணெய் தடவாத ஒரு ரொட்டியோடு சாப்பிடலாம். பீன்ஸில் புரதமும் நார்ச்சத்தும் இருப்பதால் சாயங்காலம் வரை பசி தாங்கும். கூட வரும் கேரட் சம்பலை இன்னொரு கிண்ணம் கேளுங்கள். கேரட், வெங்காயம், பச்சை மிளகாய், வினிகர், அவ்வளவுதான் அதில்.

என்னைக் கேட்டால் மெனுவில் முதல் இடம் புளியும் தக்காளியும் போட்ட மீன் கறிக்கு. கிரீமும் இல்லை, முந்திரியும் இல்லை. வடநாட்டு வகை வேண்டுமென்றால் தந்தூரி சிக்கன் எடுங்கள். தயிரில் ஊறவைத்துத் தணலில் சுடுவதால் கொழுப்பு வடிந்துவிடும். பட்டர் சிக்கனும் கோர்மாவும் வெண்ணெய், கிரீம், முந்திரி விழுதால்தான் அப்படி வழவழவென்று இருக்கின்றன. பாலக் பனீரைக் கீரைதானே என்று நம்பிவிடாதீர்கள், பனீரிலேயே கொழுப்பு நிறைய, பல கடைகளில் மேலே கிரீமும் ஊற்றுவார்கள். கத்தரிக்காயைப் பொரித்துப் போட்டிருக்கிறார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள், அது எண்ணெயை உறிஞ்சுகிற காய்.

அப்புறம், வெறும் வயிற்றோடு போய் உட்காராதீர்கள். கறி வருவதற்குள் மேசையிலிருக்கும் சமோசா தீர்ந்துவிடும். லஸ்ஸிக்குப் பதில் தண்ணீர் போதும்.

கேள்வி: புரட்டாசி முழுக்கக் கறி மீன் தொடுவதில்லை. ஆனாலும் மாசக் கடைசியில் எடை ஏறித்தான் இருக்கிறது. ஏன்?
- ஒரு வாசகர், பீனிக்ஸ், டர்பன்

பதில்: ஆட்டுக்கறியை நிறுத்தினீர்கள் சரி, அந்த இடத்துக்கு என்ன வந்தது? பொரித்த உருளைக்கிழங்கு, பூரி, வடை, பாயசம் என்றுதானே எல்லார் வீட்டிலும் நடக்கிறது. இந்தப் புரட்டாசியில் பொரிப்பதைச் சனிக்கிழமையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மற்ற நாளில் பருப்பு, கீரை, டபுள் பீன்ஸ் குழம்பு, ரசம். சோற்றை ஒரு கை குறைத்து, அந்த இடத்தில் கீரையை வைத்துக்கொள்ளுங்கள்.