வாகனக் கேள்வி பதில்: லொகர் காட்டும் சுற்று ஏன் பிழைக்கிறது?

கேள்வி: பழைய ஒஸ்ரின் ஏ40 சோமசெற் காருக்கு டேற்றா லொகர் (எஞ்சின் சுற்று போன்ற அளவுகளைப் பதியும் கருவி) பூட்டி, கொயில் முனையில் சிக்னல் எடுக்கிறோம். ஐட்லிங்கில் நிமிடத்துக்கு 800 சுற்று இருக்க வேண்டியது 1600 காட்டுகிறது. வேகம் கூட்டினால் இலக்கம் கண்டபடி துள்ளுகிறது. கொயில் (பொறிக்கு உயர் வோல்ற் தரும் சுருள்) பழுதா?
– வாசகர், கொக்குவில்

பதில்: கொயிலில் கை வைக்காதீர்கள். இங்கே இரண்டு பிழைகள் இருக்கின்றன. எப்போதும் சரியாக இரண்டு மடங்கு காட்டினால் அது கணக்குப் பிழை. நாலு சிலிண்டர், நாலு ஸ்ரோக், ஒரே கொயில் என்றால் எஞ்சின் ஒரு சுற்றுச் சுற்றும்போது இரண்டு தடவை பொறி விழும். லொகரில் சுற்றுக்கு 1 துடிப்பு என்று இருப்பதை 2 ஆக்குங்கள்.

துள்ளுவது வேறு விஷயம். பொயின்ற் (கொயிலின் மின்னோட்டத்தைத் துண்டித்துப் பொறி விழவைக்கும் தொடுமுனை) திறக்கும்போது, நீங்கள் சிக்னல் எடுக்கும் கொயில் முனையில் சில நூறு வோல்ற் எழும்பி, அலைந்து அடங்கும். லொகர் அந்த அலைகளையும் எண்ணிவிடுகிறது. பொயின்ற் ஸ்பிரிங் தளர்ந்திருந்தாலும் இதே கூத்துத்தான். 5000 சுற்றில்கூட இரு பொறிகளுக்கு இடையே 6 மில்லி செக்கன் இருக்கிறது. ஆகவே ஒரு துடிப்புக்குப் பின் 3 மில்லி செக்கன் வரை வருவதை எண்ணாமல் விடும்படி செற் பண்ணுங்கள்.

அதற்கு முன் பற்றறியைப் பாருங்கள். இந்தக் கார்கள் பிளஸ் முனை பொடியில் ஏர்த் ஆகி வந்தவை. யாரும் மாற்றியிருக்காவிட்டால் லொகரின் பிளஸ் வயர் பொடிக்கும், மைனஸ் வயர் பியூஸ் வழியாகச் சுவிச் லைனுக்கும் போக வேண்டும். லொகரின் உலோகக் கூடோ அன்ரெனாவோ பொடியில் முட்டினால் பியூஸ் போய்விடும். றப்பர் வைத்துப் பூட்டுங்கள். இப்படியான காரில் கொயில் முனையில் நேரே தொடுப்பதைவிட, கொயிலிலிருந்து டிஸ்ரிபியூற்றருக்கு (பொறியைப் பிளக்குகளுக்குப் பங்கிடும் பகுதி) போகும் தடித்த வயரில் உறையுள்ள வயரை ஐந்தாறு சுற்றுச் சுற்றிச் சிக்னல் எடுப்பதே நல்லது. லொகரில் அதற்கான இன்புட் இருக்க வேண்டும். பிளக் வயரில் சுற்றினால் சுற்றுக்கு அரைத் துடிப்புத்தான் கிடைக்கும்.

கடைசியில் கிராங் புலியில் (எஞ்சின் தண்டின் முனையிலுள்ள பெல்ற் சில்லில்) ஒளி தெறிக்கும் ரேப் துண்டு ஒட்டி, ஒளி ரக்கோமீற்றரால் (ஒளியால் சுற்றை அளக்கும் கருவி) 1000, 2000 சுற்றுகளில் ஒப்பிடுங்கள்.

கேள்வி: நாலு ஸ்ரோக் ஓட்டோ, ஒரு சிலிண்டர். இரண்டு சுற்றுக்கு ஒரு பொறி என்று லொகரில் 0.5 போட்டேன். இரட்டிப்பாகக் காட்டுகிறது.
– வாசகர், சுன்னாகம்

பதில்: புத்தகக் கணக்குச் சரி, வண்டிதான் அப்படி இல்லை. எஞ்சின் தண்டோடு சுழலும் பிளைவீலில் இருக்கும் பிக்கப் (சுற்றை உணரும் உறுப்பு) ஒவ்வொரு சுற்றுக்கும் பொறி அடிக்க வைக்கும். புகை வெளியேறும்போது விழுவது வீண் பொறி. 1 போடுங்கள்.

கேள்வி: டீசல் வானில் பொறியே இல்லையே, சிக்னலை எங்கே எடுப்பது?
– வாசகர், பருத்தித்துறை

பதில்: அல்ரனேற்றரில் (பற்றறியைச் சார்ஜ் பண்ணும் மின்னாக்கி) டபிள்யூ முனை, அதாவது சுற்றுக்கேற்பத் துடிப்புத் தரும் முனை, இருந்தால் அதில். 12 துருவம் என்றால் அது ஒரு சுற்றுக்கு 6 துடிப்புத் தரும். கிராங் புலி 15 சென்ரிமீற்றர், அல்ரனேற்றர் புலி 6 என்றால் 2.5 மடங்கு, எஞ்சின் சுற்றுக்கு 15 துடிப்பு. லைற் போட்டதும் சுற்றுக் குறைந்து காட்டி, எஞ்சின் சத்தம் மாறாதிருந்தால் பெல்ற் வழுக்குகிறது.