வாசகர் கேள்வி – பதில்: தண்ணீர் மீட்டருக்கு மாறலாமா?

கேள்வி: மான்செஸ்டரில் 1930களில் கட்டப்பட்ட மூன்று படுக்கையறை வீட்டில் நானும் கணவரும் வசிக்கிறோம். மகன் பல்கலைக்கழகத்தில் தங்கிப் படிப்பதால் விடுமுறைக்கு மட்டும், ஆண்டுக்கு நான்கு மாதம், வீட்டில் இருப்பான். மாமியாரும் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து நான்கு மாதம் தங்குவார். அடுத்த வீட்டில் தனியாக இருக்கும் பெண்மணி, மீட்டர் போட்ட பிறகு தண்ணீர் பில் வெகுவாகக் குறைந்துவிட்டது என்கிறார். கணவரோ, மீட்டர் வந்தால் குழாயைத் திறக்கவே மனம் வராது என்கிறார். என்ன செய்யலாம்?
– வாசகி, மான்செஸ்டர்

பதில்: நீங்கள் இப்போது கட்டும் தொகைக்கும் உங்கள் வீட்டில் செலவாகும் தண்ணீருக்கும் தொடர்பே இல்லை. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் மீட்டர் இல்லாத வீடுகளில் பெரும்பாலானவற்றுக்கு 'ரேட்டபிள் வேல்யூ' என்னும் பழைய மதிப்பை வைத்தே கட்டணம் போடுகிறார்கள். வீடு என்ன வாடகைக்குப் போகும் என்று 1973 மதிப்பீட்டில் கணித்த அந்த எண், 1990 மார்ச்சுக்குப் பிறகு திருத்தப்படவே இல்லை. வீட்டில் இருவர் இருந்தாலும் எட்டுப் பேர் இருந்தாலும் பில் ஒன்றுதான்.

படுக்கையறைகளின் எண்ணிக்கையைவிட ஆட்கள் குறைவாகவோ சமமாகவோ இருந்தால் மீட்டரைப் பற்றி யோசிக்கலாம் என்பது இங்கே வழங்கும் பொதுக் கணக்கு. அது தவறில்லை, ஆனால் வருவோரும் போவோருமாக இருக்கும் நம் வீடுகளில் 'எத்தனை பேர்' என்ற கேள்விக்கு ஒற்றை எண்ணில் பதில் சொல்வது கடினம். ஆகவே ஆட்களை மாதக் கணக்கில் எண்ணுங்கள். நீங்கள் இருவரும் 24 மாதம், மகன் 4, மாமியார் 4, ஆக 32 மாதம். ஒருவர் நாளொன்றுக்கு ஏறக்குறைய 140 லிட்டர் செலவழிப்பதாகக் கொண்டால், மாதத்துக்குச் சுமார் 4.25 கன மீட்டர் வரும் (ஒரு கன மீட்டர் என்பது 1,000 லிட்டர்). உங்கள் வீட்டுக்கு ஆண்டுக்கு 136 கன மீட்டர். (வாளியும் செம்புமாகக் குளிக்கும் மாமியாராக இருந்தால் இன்னும் குறையும், பத்து நிமிட ஷவரில் போகும் தண்ணீரில் நாலைந்து வாளிகள் நிரம்பிவிடும்.) அடுத்த வீட்டுப் பெண்மணியின் கணக்கு வெறும் 51 கன மீட்டர். அவருக்குக் கிடைத்த மிச்சம் உங்களுக்கும் அப்படியே கிடைக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

இந்த 136-ஐ உங்கள் தண்ணீர் நிறுவனத்தின் கட்டணப் பட்டியலில் உள்ள விலையால் பெருக்குங்கள். குடிநீருக்கு ஒரு விலையும் கழிவுநீருக்கு ஒரு விலையும் இருக்கும். உள்ளே வந்த தண்ணீரின் அளவை வைத்தே கழிவுநீரையும் கணக்கிடுவதால், ஒவ்வொரு லிட்டருக்கும் இரண்டு முறை பணம் கட்டுகிறீர்கள் என்பதை மறந்துவிடக் கூடாது. எவ்வளவு செலவழித்தாலும் மாறாத நிலைக் கட்டணத்தையும் கூட்டி, வருவதை இப்போதைய ஆண்டு பில்லுடன் ஒப்பிட்டுப் பாருங்கள்.

வித்தியாசம் சிறிதாக இருந்தாலும் மாறிப் பார்க்கலாம் என்பதே என் கருத்து. நீங்களே கேட்டுப் போடும் மீட்டருக்கு வழக்கமான பொருத்துதலில் செலவில்லை. பிடிக்காவிட்டால் இரண்டு ஆண்டுகளுக்குள் பழைய முறைக்குத் திரும்பும் உரிமையும் உண்டு. கெடு முடியும் தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள். ஆனால் தண்ணீர்த் தட்டுப்பாடு கடுமையான தென்கிழக்குப் பகுதிகளில் நிறுவனமே கட்டாயமாகப் போடும் மீட்டருக்கு இந்தத் திரும்பும் வழி கிடையாது. லண்டன் உறவினர்கள் சொல்வதை இதனுடன் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

விண்ணப்பிக்கும் முன் ஒரு வேலை இருக்கிறது. டாய்லெட் தொட்டிக்குள் கொஞ்சம் கேசரிப் பவுடரைக் கரைத்துவிட்டு, அரை மணி நேரம் ஃபிளஷ் செய்யாமல் காத்திருங்கள். கீழே கிண்ணத்தில் நிறம் இறங்கினால் தொட்டி ஒழுகுகிறது. ஓசையில்லாமல் ஒழுகும் தொட்டியில் நாளொன்றுக்கு 200 லிட்டர் வீணாவது சாதாரணம். ஆண்டுக்கு 73 கன மீட்டர், அதாவது முழு ஆண்டும் தங்கும் ஓர் ஆளைவிட அதிகம். உங்கள் கணவர் பயப்பட வேண்டியது இதற்குத்தான். அரிசி களையும் தண்ணீருக்காக அல்ல.

கேள்வி: புதிதாகக் குடிவந்த வாடகை வீட்டில் ஏற்கெனவே மீட்டர் இருக்கிறது. மூன்று சிறு பிள்ளைகள். யுனிவர்சல் கிரெடிட் என்னும் அரசு உதவித்தொகை பெறுகிறோம். பில் தாங்க முடியவில்லை. மீட்டரை எடுக்கச் சொல்லலாமா?
– வாசகர், லெஸ்டர்

பதில்: முடியாது. திரும்பும் உரிமை மீட்டரைக் கேட்டுப் போட்டவருக்கு உரியது. பின்னால் குடிவருபவருக்கு இல்லை. ஆனால் 'வாட்டர்ஷ்யூர்' என்ற திட்டம் உங்களைப் போன்றவர்களுக்காகவே இருக்கிறது. மீட்டர் உள்ள வீட்டில் குறிப்பிட்ட அரசு உதவித்தொகைகளில் ஒன்றைப் பெற்றுக்கொண்டு, 19 வயதுக்குட்பட்ட மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட பிள்ளைகளுக்குச் சைல்ட் பெனிஃபிட்டும் பெறுகிறவர்களுக்குப் பில்லில் ஓர் உச்சவரம்பு வைக்கப்படும். உங்கள் பகுதியின் சராசரி வீட்டுப் பில்லுக்கு மேல் கட்ட வேண்டியதில்லை. அதிகத் தண்ணீர் தேவைப்படும் சில நோய்கள் உள்ளவர்களுக்கும் இது பொருந்தும். நிறுவனம் தானாகக் கொடுக்காது. நீங்கள்தான் விண்ணப்பிக்க வேண்டும்.

கேள்வி: நான் தனியாக வசிக்கிறேன். எனக்கும் மீட்டர் லாபமா?
– வாசகர், கிளாஸ்கோ

பதில்: ஸ்காட்லாந்தில் நடைமுறையே வேறு. அங்கே தண்ணீர்க் கட்டணம் கவுன்சில் டாக்ஸ் என்னும் உள்ளாட்சி வீட்டு வரியில் உங்கள் வீடு இருக்கும் பிரிவின்படி அந்த வரியுடன் சேர்த்தே வசூலிக்கப்படுகிறது. மீட்டர் பொருத்தும் செலவும் உங்களுடையதே என்பதால் மிகச் சில வீடுகளே அதைப் போட்டிருக்கின்றன. தனியாக வசிப்பவருக்குரிய 25 சதவீதத் தள்ளுபடி உங்கள் பில்லில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அது தண்ணீர்க் கட்டணத்துக்கும் சேர்த்தே கிடைக்கும்.