நிழலில் என்ன விளையும்? தோட்டக் கேள்விகளுக்குப் பதில்கள்

வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ‘எங்கள் வீட்டில் நிழல், என்ன வைக்கலாம்’ என்று மட்டும்தான் இருக்கிறது. எத்தனை மணி நேரம் வெயில் விழுகிறது என்று தெரியாமல் நான் எது சொன்னாலும் குத்துமதிப்புதான். ஒரு விடுமுறை நாளில் காலை 7 முதல் மாலை 5 வரை மணிக்கொரு தடவை போய்ப் பார்த்து எழுதி வையுங்கள். அந்தத் தாளோடு வந்தவர்களுக்கு என்னால் நிறையச் சொல்ல முடியும்.

தாம்பரத்திலிருந்து: அக்கா, இரண்டு மாடி வீடு, வடக்குப் பக்கம் 10 அடி இடம் இருக்கிறது. ஆடிப்பட்டத்தில் போட்ட வெண்டை ஐப்பசியோடு நின்றுபோனது. ஆனால் மே மாதம் அங்கே நல்ல வெயில் அடித்ததே?

நல்ல கேள்வி, மே மாத வெயிலைக் கவனித்து வைத்திருக்கிறீர்கள். சென்னைக்கு நேர் உச்சியில் சூரியன் வருவது வருஷத்தில் இரண்டு தடவை, ஏப்ரல் கடைசியிலும் ஆகஸ்ட் நடுவிலும். அந்த இரண்டுக்கும் இடைப்பட்ட மாதங்களில் நண்பகல் சூரியன் உங்கள் வீட்டுக்கு வடக்கே நிற்கும், அதனால் வடக்குச் சுவரடியில் வெயில் விழும். அப்புறம் அது தெற்கே சாயச் சாய நிழல் நீண்டுகொண்டே போகும். டிசம்பரில் 20 அடிச் சுவரின் நிழல் நண்பகலிலேயே கிட்டத்தட்ட 15 அடி, உங்கள் 10 அடி இடம் முழுக்க அதற்குள் அடங்கிவிடும். ‘ஆடிப்பட்டம் தேடி விதை’ என்பது திறந்த வெளிக் காட்டுக்குச் சொன்னது. உங்கள் இடத்தில் ஆடியில் போட்டால் செடி காய் பிடிக்கிற நேரத்தில் நிழல் ஏற ஆரம்பித்துவிடும். வெண்டையைச் சித்திரை பிறந்ததும் போடுங்கள், 45 நாளில் காய்க்கத் தொடங்கி ஆடி வரைக்கும் பறிக்கலாம். ஐப்பசியிலிருந்து மாசி வரை அந்த இடத்தைக் கீரைக்கு விட்டுவிடுங்கள்: கொடிப்பசலை, பொன்னாங்கண்ணி, வல்லாரை. நிழல் மாதங்களில் தண்ணீரைப் பாதியாகக் குறையுங்கள், விரலை மண்ணுக்குள் விட்டுப் பார்த்து ஈரம் இல்லையென்றால் மட்டும் ஊற்றுங்கள்.

கோவையிலிருந்து: பால்கனியில் 2 மணி நேரம் வெயில். தக்காளி வருமா?

வராது. செடி நெட்டையாக வளரும், நாலு பூ வைக்கும், கொட்டிவிடும். காய்க்கிற எதற்கும் 6 மணி நேர வெயிலாவது வேண்டும். சந்தைப் புதினாக் கட்டிலிருந்து தடித்த தண்டாக நாலு எடுத்து நட்டு வையுங்கள், கற்பூரவள்ளியும் வரும்.

தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து: வீட்டுக்குப் பின்னால் ஆறு தென்னை, எல்லாம் 30 வயசு மரம். அடியில் சும்மா கிடக்கிறது.

சும்மா விடாதீர்கள், இது நிழல் தோட்டத்துக்கே அருமையான இடம். இளந்தென்னை மட்டையை விரித்துத் தரையை மூடிவிடும், 20 வயசுக்கு மேல் மரம் உயர்ந்ததும் வெயில் மட்டைகளுக்கிடையே சல்லடை போட்ட மாதிரி இறங்கும். மஞ்சள், இஞ்சி, சேனை, சேம்பு நாலுக்கும் அது போதும். மரத்தைச் சுற்றி 6 அடிக்குள் எதுவும் வேண்டாம், தென்னையின் உணவு வேர் பெரும்பாலும் அங்கேதான். வைகாசியில் மேட்டுப்பாத்தி போட்டு நடுங்கள். மஞ்சள் தை, மாசியில் கிடைக்கும். மழைக்காலத்தில் பாத்தியில் தண்ணீர் நின்றால் இஞ்சி அழுகிவிடும், வடிகால் எடுத்துவிட்டு நடுங்கள். மரத்திலேயே மிளகுக்கொடி ஏற்றலாம்.

மதுரையிலிருந்து: முற்றத்தில் பெரிய வேம்பு. அடியில் எந்தக் கீரை போட்டாலும் சுருண்டு போகிறது. வெட்டிவிடலாமா?

வேண்டாம், தயவுசெய்து வேண்டாம். முதலில் ஒரு சோதனை செய்யுங்கள். இரண்டு தொட்டியில் ஒரே மண், ஒரே கீரை. இரண்டையும் மரத்தடியில் செங்கல் மேல் தூக்கி வையுங்கள். தொட்டியில் நன்றாக வந்தால் உங்கள் பிரச்சினை மர வேர், தரையிலிருக்கும் தண்ணீரையும் சத்தையும் அது இழுத்துக்கொள்கிறது. தொட்டியிலும் வெளிறி நீண்டால் வெளிச்சம்தான் குறைவு.

இன்னொருவர் இடையில்: வேம்பு கசப்பு மரம் மேடம், அதன் நிழலே செடிக்கு விஷம். எங்கள் தாத்தா காலத்திலிருந்து தெரிந்த விஷயம்.

வேப்பம் புண்ணாக்கைத்தானே நாம் உரமாகப் போடுகிறோம்? நிழல் விஷமாகாது. தாத்தா பார்த்தது உண்மைதான், மரத்தடியில் பயிர் வரவில்லை. காரணத்தை வேரிலும் வெளிச்சத்திலும் தேடுங்கள்.

அவரே: அப்படியென்றால் சுற்றிப் பள்ளம் வெட்டி வேரை அறுத்துவிட்டால் போதுமே?

இதைக் கட்டாயம் செய்யாதீர்கள். தடித்த வேரை அறுத்த மரம் காற்றுக்கு நிற்காது. 2016 டிசம்பரில் வர்தா புயல் வந்தபோது சென்னையில் எத்தனை மரம் சாய்ந்தது என்று பார்த்தோம். வீட்டுச் சுவருக்குப் பக்கத்தில் நிற்கிற மரத்தை இப்படிப் பலவீனப்படுத்துவது ஆபத்து. தாழ்ந்த கிளைகளில் சிலவற்றை மழைக்கு முன்னால் கழித்தால் காலை வெயில் உள்ளே வரும், அதுவே பெரிய வித்தியாசம். சோழவந்தான் பக்கம் கொடிக்காலைப் பார்த்திருப்பீர்களே, வெற்றிலைக்காகவே அகத்தியை வளர்த்து நிழல் உண்டாக்குகிறார்கள். நிழலைச் சொத்தாக நினைத்து விவசாயம் செய்தவர்கள் நம் ஊரிலேயே இருக்கிறார்கள். மதுரை வெயிலில் ஒரு வேம்பை வெட்டினால் வீடு எவ்வளவு சுடும் என்பதையும் யோசியுங்கள்.

மதுரைக்காரர் மறுபடியும்: சரி அக்கா, வெட்டவில்லை. தொட்டி வைத்துப் பார்க்கிறேன்.

மிகவும் சந்தோஷம். தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றும் முன் விரலை விட்டுப் பாருங்கள்.

மூன்று பேர்: நிழலில் மிளகாய்? கத்தரி? பால்கனியில் தக்காளி?

கோவைக்காரருக்குச் சொன்ன பதில்தான். 6 மணி நேரம்.

சேலத்திலிருந்து: கறிவேப்பிலை?

வெயில் வேண்டும். நிழலில் குச்சியாக நிற்கும்.

திருச்சியிலிருந்து: தவசிக்கீரை நிழலில் நன்றாக வருகிறது. உடல் எடை குறைய தினமும் பச்சையாக ஜூஸ் போட்டுக் குடிக்கலாம் என்கிறார்களே?

குடிக்காதீர்கள். 1990களின் நடுவில் தைவானில் எடை குறைக்க இதையேதான் செய்தார்கள், பச்சைச் சாறாக வாரக்கணக்கில் குடித்த பலருக்கு நுரையீரல் நிரந்தரமாகக் கெட்டுப்போனது. இறந்தவர்களும் உண்டு. வேகவைத்துப் பொரியலாக அளவாகச் சாப்பிடுங்கள். யாராவது ஜூஸ் என்று சொன்னால் இதைச் சொல்லித் தடுங்கள்.

கடலூரிலிருந்து: புதினா இலை மஞ்சளாகி அடியில் அழுகுகிறது. தினமும் இரண்டு வேளை தண்ணீர் ஊற்றுகிறேன், நிழல்தான்.

தண்ணீர்தான் காரணம். நாலு நாள் நிறுத்துங்கள், தொட்டியின் அடி ஓட்டை அடைத்திருக்கிறதா என்று பாருங்கள், அழுகின தண்டை வெட்டிப் போடுங்கள்.

கடலூர்க்காரரே: வெயிலில் வைத்துவிட்டால் சரியாகிவிடாதா?

தண்ணீரைக் குறைக்காமல் எங்கே வைத்தாலும் அழுகும். விரலை விட்டுப் பாருங்கள்.